தீண்டாமையின் புதுவேடம்

கடல் கடந்தவுடன் தீண்டாமை ஒழிந்துவிட்டதென்று நம்மவருட் பலர் பெருமை பேசுகின்றனர். 2003-ம் ஆண்டில் சிங்கப்பூரில் நிகழ்ந்ததை அவர்கள் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

அவ்வாண்டு சார்ஸ் என்னும் தொத்துநோய் இந்நகரில் 238 பேரைப் பற்றி, 33 பேரை மாய்த்தது. நோயுற்றாரில் ஏறக்குறையப் பத்துக்கு நால்வர் வைத்தியசாலை ஊழியர்! சிகிச்சை செய்வோரே படுக்கையில் வீழ்ந்தால், எஞ்சியோரைக் கொண்டு வார்டுகளை நடத்துவது எங்ஙனம்? மார்ச்சு 22-ல் டான் டொக் செங் மருத்துவமனை இந்நோய்க்கென்றே ஒதுக்கப்பட்டது. ஏழை நோயாளிகளுக்கென 1844-ல் அடிக்கல் நாட்டப்பெற்ற நிலையம் அது. ஒரு மருத்துவமனையின் ஊழியர் மற்றொன்றுக்குச் செல்வதும் கட்டுப்படுத்தப்பட்டது. ஓரிடத்து நோய் நகரத்து ஊழியர் அனைவரையும் ஒருசேர வீழ்த்திவிடலாகாது என்பதே கருத்து. ஊழியரின் உடற்சூடு நாள்தோறும் பலமுறை அளக்கப்பட்டது. காய்ச்சல் கண்டவர் உடனே பணியினின்று விலக்கப்பட்டார். அவ்வாறு காத்தும் மருத்துவர், தாதியர், பணியாள் என ஐவர் மாண்டனர்.

வெளியில் நடந்ததென்ன? சீருடையுடன் தாதி பஸ்ஸில் அமர்ந்தால் அருகிலிருந்தோர் எழுந்து விலகினர். டாக்சிக்காரர் சிலர் ஏற்ற மறுத்தனர். நோயுற்றவரைத் தனியே வைத்தல் அறிவு. நோய் தீர்ப்பவரை விலக்குதல் வருணாசிரமம் அன்றி வேறென்ன? நாள்தோறும் சோதிக்கப்பட்ட தாதியைவிட, சோதனையே காணாத நாமன்றோ ஐயத்திற்குரியோர்!

பிறரைக் குறை கூற எமக்கு வாயில்லை. பூன் லேயில் எமது அடுக்குவீட்டு மின்தூக்கியில் அண்டை வீட்டுத் தாதி நுழைந்த ஒரு மாலையில், யாமும் வெளியேறிப் படிவழியே ஏறினோம். அவ்வம்மையார் ஒன்றும் கூறவில்லை. கதவு மூடும்வரை தரையையே நோக்கி நின்றார்.