மீண்டும் தண்டவாளம் ஏறிய மனிட்டோபா

கரிக்கோச்சிகளுக்கு விடைகொடுத்து இலங்கை ரயிலை டீசலுக்கு மாற்றியவர் பி.டி. ரம்பால. அவர் காலத்தில் வந்திறங்கிய இரண்டு என்ஜின் வகைகளை இந்த வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்று சேவையிலிருந்து போயே போய்விட்டது. மற்றது அறுபது வயதைத் தாண்டியும் பயணிகளை இழுத்தது.

போனது எம்1. 1953இல் பிரிட்டனிலிருந்து வரத் தொடங்கியது. பிரஷ் பாக்னல் கட்டிய 25 என்ஜின்கள், உள்ளே மிர்லீஸ் டீசல் இயந்திரம். நிலைத்தது எம்2. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1954இல் தரத் தொடங்கிய அன்பளிப்பு. ஒன்ராறியோவின் லண்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் செய்தவை. ஒன்ராறியோ, அல்பர்ட்டா, மனிட்டோபா என்று அவற்றில் பலவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள்.

ஏன் ஒன்று போய் ஒன்று நின்றது? எம்2இன் வயிற்றைத் திறந்தால் தெரியும். 567 வகை இயந்திரம், பன்னிரண்டு சிலிண்டர்கள். ஒன்று கெட்டால் அதன் தலை, லைனர், பிஸ்டன் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொக்கி போட்டுத் தூக்கிவிட்டு, புதியதை அதே குழியில் இறக்கலாம். மற்ற பதினொன்றைத் தொட வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, பின்னாளில் வந்த 645 வகையின் சிலிண்டர்கள்கூட 567சி உடலில் பொருந்தும். உலகெங்கும் ஓடிய வகை என்பதால் உதிரிப்பாகத்துக்கும் பஞ்சமில்லை.

எம்1இன் வடிவமைப்பை ஒட்டியே பிரிட்டன் தன் 31ஆம் வகுப்பு என்ஜின்களைக் கட்டியது. அவற்றின் மிர்லீஸ் இயந்திரங்களில் விரிசல் விழுந்தது. 1960களில் 263 என்ஜின்களுக்கும் இங்கிலிஷ் எலக்ட்ரிக் இயந்திரம் மாற்றினார்கள். பல பத்தாண்டுகள் கூடுதலாக ஓடின. வெறும் 25 என்ஜின்களுக்காக அப்படியொரு செலவை இலங்கை தாங்கியிருக்காது என்பதே என் கணிப்பு.

2004 டிசம்பர் 26. கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் புறப்பட்ட ரயிலைப் பெரலியவில் ஆழிப்பேரலை அடித்துப் புரட்டியது. 1,700க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ரயிலை இழுத்து வந்தது எம்2 வகையின் 591ஆம் எண் என்ஜினான மனிட்டோபா. உப்புநீரும் சேறும் குடித்த என்ஜினை இரும்புக் கடைக்குத் தள்ளியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதை மீட்டெடுத்துப் புதுப்பித்து, பக்கவாட்டில் அலை ஒன்றை வரைந்து மறுபடி ஓட்டினார்கள். நினைவு நாளில் பெரலியவுக்கே சென்று வந்திருக்கிறது. இந்தத் தொடருக்காக நான் படித்ததில், பட்டறைக்காரர்களின் கைகளுக்கு இதைவிடப் பெரிய சான்று வேறில்லை.

அதற்கும் ஒருநாள் ஓய்வு கொடுத்தாக வேண்டும். அன்று ரயில்வே திணைக்களம் அதை ஏலத்தில் எடைக்குப் போட்டுவிடக் கூடாது. கடுகண்ணாவை ரயில் அருங்காட்சியகத்தில் 591க்கு இப்போதே இடம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

(தொடரும்)