தண்ணியை மட்டும் பார்த்தா போதுமா? கரையையும் பாருங்க!

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் சீரியஸ் பதிவு. மேட்டர், மூளையில் வர்ற அனூரிசம். ரத்தக் குழாயின் சுவர் ஒரு இடத்துல பலவீனமாகி பலூன் மாதிரி புடைச்சுக்கிட்டு நிக்கும். பெரியவங்கள்ல நூற்றுக்கு சுமார் 3 பேருக்கு இது இருக்கும்னு கணக்கு. பெரும்பாலும் கடைசி வரை வெடிக்காது. வெடிச்சா, ஏறக்குறைய மூணுல ஒருத்தர் பிழைக்கிறதில்லை.

தலைவலின்னு ஸ்கேன் எடுக்கப்போய் தற்செயலா இது தெரிஞ்சா? ஆபரேஷன்லயும் ஆபத்து உண்டு. சும்மா விட்டா தூக்கம் போச்சு. இதுக்கு டாக்டர்கள் எப்படி விடை தேடினாங்கங்கறதுதான் இந்தக் கதை.

ஆரம்பம் லிஸ்பன் நகரம். 1927ல் ஈகாஸ் மோனிஸ் கழுத்து ரத்தக் குழாயில் சோடியம் அயோடைடு கரைசலை ஏத்தி எக்ஸ்ரே எடுத்தார். உயிரோட இருக்கிறவரோட மூளை ரத்தக் குழாய்கள் படத்தில் தெரிஞ்சது. (1949ல் அவருக்கு நோபல் கிடைச்சது இதுக்கு இல்லை, பின்னாளில் ரொம்பத் திட்டு வாங்கின லூக்கோடமி ஆபரேஷனுக்கு. என்னத்தைச் சொல்ல!) 1937ல் பால்டிமோரில் வால்டர் டேண்டி அனூரிசத்தின் கழுத்தில் கிளிப் போட்டு அடைச்சார்.

நம்ம பக்கம், 1950ல் சென்னை பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினவர் டாக்டர் பி.ராமமூர்த்தி. இந்தியாவில் அனூரிசம் குறைவாகவே காணப்படுதுன்னு 1969ல் ஒரு கட்டுரை எழுதினார். நிஜமாவே குறைவா, இல்லை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றவங்கதான் குறைவாங்கற விவாதம் அப்புறமும் நடந்தது. கண்ணுல பட்டாதானே கணக்குல வரும்?

இப்ப விஷயத்துக்கு வருவோம். ஆஞ்சியோகிராம் காட்டுறது ரத்தம் ஓடுற வழியை. சுவரை இல்லை. அதனால ரொம்ப காலம் அளவும் இடமும்தான் முக்கிய அளவுகோல். 2003ல் வந்த ஒரு பெரிய சர்வதேச ஆய்வுல, மூளையின் முன்பக்க ரத்தக் குழாய்கள்ல இருந்த 7 மி.மீ.க்கும் சின்ன அனூரிசம், முன்னாடி எதுவும் வெடிக்காதவங்களுக்கு, 5 வருஷத்துல ஒண்ணுகூட வெடிக்கலை. ஆனா வெடிச்சு ஆஸ்பத்திரிக்கு வர்றதுல சின்னதும் நிறைய இருக்கே? இடிச்சது இங்கதான்.

எங்க அபிஷேகப்பாக்கம் பக்கத்து ஆளுங்களுக்கு பாகூர் ஏரியை வச்சு சொன்னா சட்டுனு புரியும். மழைக்காலத்துல நீர்மட்டத்தை மட்டும் பார்த்துட்டு யாரும் வீட்டுக்குப் போகமாட்டாங்க. கரையில கசிவு இருக்கான்னும் பார்ப்பாங்க. ஏரி சின்னதுங்கறதால கரை பலமா இருக்கும்னு அர்த்தம் இல்லையே.

2004ல் பின்லாந்தின் யுஹானா ஃப்ரோசன் குழு வெடிச்ச 42, வெடிக்காத 24 அனூரிசங்களின் சுவரை மைக்ராஸ்கோப்பில் வச்சுப் பார்த்தது. வெடிச்ச சுவர்கள்ல அழற்சியும் சிதைவும் அதிகம். ஆனா இது வெட்டி எடுத்த பிறகு தெரியுறது. உள்ளே இருக்கும்போதே பார்க்கணுமே?

அங்கதான் சுவரைப் படம் பிடிக்கிற எம்.ஆர்.ஐ. வருது. ஓடுற ரத்தத்தின் சிக்னலை அமுக்கி கறுப்பாக்கிட்டா, சுவர் தனியாத் தெரியும். கடோலினியம் மருந்து ஏத்தினதும் சுவர் பளிச்சுன்னு மின்னினா, அங்க அழற்சி இருக்கலாம்னு சந்தேகம். 2014ல் பாரிஸ் குழு ஒண்ணு வெளியிட்ட கணக்கு: வெடிச்ச, அறிகுறி காட்டின, இல்லை உருவம் மாறின 31 அனூரிசங்கள்ல 27 மின்னுச்சு. அமைதியா இருந்த 77ல் 22.

அந்த 22ஐ கவனிச்சீங்களா? மின்னினதெல்லாம் வெடிக்கப்போறது இல்லை. போதாக்குறைக்கு, வெடிச்சதாலயே சுவர் மின்னியிருக்கலாம். சர்வர் கிராஷ் ஆன பிறகு எடுத்த லாக்கை வச்சு, கிராஷுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு சொல்ற மாதிரி. பெரிய அனூரிசத்துல ரத்தம் மெதுவா சுத்துறதும் பொய்யா மின்னும். மின்னலைன்னா ஓரளவு நிம்மதி. மின்னுச்சுன்னா இன்னும் உன்னிப்பா கவனிக்கணும். இப்போதைக்கு இது ஜோசியம் இல்லை, அளவு, இடம், வயசு, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்ப வரலாறோட சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சாட்சி.

1927ல் இருந்து தண்ணியையே பார்த்துக்கிட்டிருந்த கண்ணு, இப்பதான் கரைப் பக்கம் திரும்பியிருக்கு.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்லை. உங்க ஸ்கேனை டாக்டர்கிட்ட காட்டுங்க, பின்னூட்டத்துல போடாதீங்க!