குடவோலையும் செயற்குழுவும்

எழுவர் கூடிக் கையொப்பமிட்டால் ஒரு சங்கம் பிறந்துவிடும். 1860ஆம் ஆண்டின் 21ஆவது சட்டமாகிய சங்கப் பதிவுச் சட்டம் கேட்பன சிலவே: நோக்கங்களைக் கூறும் ஓர் ஆவணம், விதிகளின் படி ஒன்று, நிருவாகக் குழுவினரின் பெயர்ப் பட்டியல். ஆண்டுதோறும் அப்பட்டியலைப் பதிவாளருக்கு அனுப்புதல் வேண்டும். ஆனால் அக்குழுவினரை எவ்வாறு தேர்வது, ஒருவர் எத்துணை ஆண்டுகள் அமரலாம், கணக்கு ஒப்படையாதாரை என்செய்வது என்பனவற்றை அச்சட்டம் சங்க விதிகளுக்கே விட்டுவிட்டது. நம்மனோர் சங்கங்களில் பிணக்குகள் பெரும்பாலும் முளைப்பது இவ்விடத்தில்தான்.

இவ்வினாக்களுக்கு விடை எழுதிய கல் ஒன்று நம்மிடம் உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள. ஒன்று கி.பி. 919, மற்றது 921. ஊர்ச்சபை வேறு, விரும்பிச் சேரும் சங்கம் வேறு என்பதை நாம் அறிவோம். எனினும் பொதுப்பணத்தைச் சிலர் கையில் ஒப்படைக்கும் இடர்ப்பாடு இரண்டிற்கும் ஒன்றே.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, நிறைந்த சபை நடுவே, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அவ்வோலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று உரக்கப் படித்தல் வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருத்தலாகாது அன்றோ! இவ்வாறு வந்தோருள் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள்.

இதனை இன்றைய மக்களாட்சி என்றே மேடைகளில் முழங்குவோர் உளர். அஃது அத்துணைப் பொருத்தமன்று. அது பிரமதேய ஊர். இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையும் மறையறிவும் உடைய ஆடவர்க்கே அங்கு இடம். ஓலை எடுத்தது திருவுளச்சீட்டே, வாக்கெண்ணிக்கையன்று. ஆயினும் விலக்கப்பட்டோர் பட்டியலில்தான் அம்மூதாதையரின் உலகியல் அறிவு ஒளிர்கிறது.

முதல் விதிகள் இரண்டே ஆண்டுகளில் திருத்தப்பட்டன. 30 முதல் 60 வரை என்றிருந்த அகவை, 35 முதல் 70 வரை என மாறிற்று. கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வரலாகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் வரலாகாது. அவர்தம் உறவினரும் வரலாகாது. உறவினர் என்று பொதுப்படக் கூறி விட்டாரில்லை. சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மகன், மாமன், மைத்துனன் என ஒவ்வொருவராகக் கல்லில் பொறித்துள்ளனர். தான் விலகித் தன் மைத்துனனை அமர்த்தும் கலை நம் காலத்தில் தோன்றியதன்று என்பது புலனாகிறது. குற்றம் கண்டவிடத்து ஆண்டு முடியும்வரை காத்திராது, அப்பொழுதே அவரை நீக்கினர்.

கணக்கேடுகளோடு நாள் கழிக்கும் எம்போல்வார்க்கு, கணக்கன் பற்றிய விதி தனி இன்பம் தருவது. தன் காலத்துக் கணக்கைப் பெருவாரியப் பெருமக்களுக்குக் காட்டித் தூயன் எனப்பட்ட பின்னரே அவன் மீண்டும் கணக்கெழுதலாம். தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்படைத்தல் வேண்டும். அதனை முடித்துக்கொடுக்க வேறொரு கணக்கன் புகலாகாது.