திண்டிவனம் சாலையின் துப்பாக்கிகள்

ஒரு த்ரீ நாட் த்ரீ (.303) ரைஃபிளின் வயதை அறிய வேண்டுமானால், போல்ட் கைப்பிடிக்குக் கீழே, மரக்கட்டை தொடங்கும் இடத்தில் இருக்கும் இரும்புக் கழுத்தைப் பார்க்க வேண்டும். மேலே ஒரு கிரீடம். அதன்கீழ் ஜி.ஆர்.ஐ. என்று மூன்று எழுத்து; ஜார்ஜ் அரசர், பேரரசர் என்பதன் லத்தீன் சுருக்கம். அதற்குக் கீழே இச்சாப்பூர் என்ற ஊர்ப்பெயர், செய்த ஆண்டு, மாதிரி எண். நாடு குடியரசான பிறகு செய்த ரைஃபிளில் கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கம் உட்கார்ந்திருக்கும். ஆட்சி மாறியதை உள்ளங்கை அகல இரும்பில் படித்துவிடலாம்.

நான் விழுப்புரத்தில் காவல் துறை ஆயுதப்படை ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயுதக் கிடங்கை நாங்கள் பெல் ஆஃப் ஆர்ம்ஸ் என்போம். அங்கே நிற்கிற ரைஃபிள்களைத் துடைப்பது, ஸ்பிரிங் மாற்றுவது, போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பது என் வேலை. அந்த வேலைதான் என்னை வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போனது. 1943 என்ற முத்திரையின் மேல் எண்ணெய்த் துணி ஓடும்போது, இது எந்தப் போர்முனையைப் பார்த்துவிட்டு இங்கே வந்ததோ என்ற கேள்வி எழாமல் இருக்காது. படை கைவிட்ட துப்பாக்கிகளுக்கு எங்கள் பகுதியில் நீண்ட வரலாறு உண்டு. அதன் பெரும்பகுதி உலைக்குள் போய்விட்டது. மிச்சத்தையாவது காக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த வரலாற்றைக் கோட்டைகளிலிருந்து தொடங்குகிறேன். திண்டிவனத்திலிருந்து மேற்கே போனால் செஞ்சி. 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை. 1690 முதல் 1698 வரை முகலாயர் படை முற்றுகையிட்ட கோட்டை. ராஜகிரி உச்சியில் இன்றும் ஒரு பீரங்கி கிடக்கிறது. யுனெஸ்கோ 2025-இல் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை இந்தக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தது. முகலாயர் எட்டு ஆண்டு காத்துக் கிடந்த மலை அது.

திண்டிவனத்திலிருந்து வடக்கே போனால் வந்தவாசி. 1760 ஜனவரி 22 அன்று அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் அங்கே மோதின. பிரெஞ்சுக்காரர்களின் வெடிமருந்து வண்டி ஒன்று குண்டு பட்டு வெடித்ததும் அவர்களின் ஓர் அணி சிதறியது. புஸ்ஸி சிறைபிடிக்கப்பட்டார். மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. தென்னிந்தியாவை யார் ஆள்வது என்ற வழக்கு எங்கள் வயல்வெளியில்தான் தீர்ந்தது.

அன்று இரு பக்கத்திலும் இருந்தவை சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் துப்பாக்கிகள். முன்வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். நூறு கஜத்துக்கு மேல் குறி என்பது அதிர்ஷ்டத்தின் கையில். ஆங்கிலேயரின் பிரவுன் பெஸ் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் 19 மில்லிமீட்டர், பிரெஞ்சுக்காரருடையது 17.5. கெட்டிக்க வசதியாகக் குண்டு குழலைவிடச் சிறியதாக இருக்கும். ஆங்கிலக் குண்டு 17.5 அளவிலும், பிரெஞ்சுக் குண்டு 16-ஐ ஒட்டியும் வரும். வந்தவாசிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் அத்தை வீட்டில், ஏர் ஓட்டும்போது எப்போதாவது ஈயக் குண்டு கிடைக்கும் என்பார்கள். அதை உருக்கி மீன்வலைக்குக் கட்டிவிடுவார்கள். அப்படித் தப்பிய ஒன்றை அத்தை எனக்குக் கொடுத்தார். காலிப்பரில் வைத்தேன், 17.5-ஐத் தொட்டது. சுட்டது எந்தப் பக்கம் என்பதை அந்த ஈய உருண்டை இருநூற்றைம்பது ஆண்டு கழித்தும் சாட்சி சொன்னது.

வந்தவாசிக்குப் பிறகு கூட் கிழக்கே திரும்பினார். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் பெருமுக்கல் குன்று இருக்கிறது. மேலே சிவன் கோயில், அதைச் சுற்றிக் கோட்டைச் சுவர். 1760 மார்ச்சில் அதைப் பிடிக்கும் சண்டையில் கூட் காயம்பட்டார். 1782-இல் ஹைதர் அலியும் பிரெஞ்சுக்காரரும் அதே குன்றைத் திரும்பப் பிடித்தனர். அதே போரில் லெப்டினன்ட் ஃபிளின்ட் என்ற இளம் அதிகாரி வந்தவாசிக் கோட்டைக்குள் இருந்துகொண்டு, மருந்து தீர்ந்தபோது உள்ளேயே மருந்து தயாரித்து ஹைதரைத் தடுத்து நின்றார். துப்பாக்கி இங்கே கப்பலில் வந்த பொருளாக மட்டும் இருந்துவிடவில்லை. அதைப் பழுது பார்க்கவும் அதற்கு மருந்து இடிக்கவும் தெரிந்த கைகள் உள்ளூரில் இருந்தன.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் துப்பாக்கிகளை அரசாங்கத்திடம் வாங்கவில்லை. லண்டன் கொல்லர்களிடம் நேரடியாகச் செய்யச் சொல்லி வாங்கியது. லாபக் கணக்குப் பார்த்து, குழலைக் குட்டையாக்கி, வேலைப்பாட்டைக் குறைத்து, 39 அங்குலக் குழலோடு ஒரு மாதிரியை உருவாக்கியது. பூட்டில் நாலாக வகிர்ந்த இதய முத்திரை இருக்கும். 1808-க்குப் பிறகு எழுந்து நிற்கும் சிங்கம். 1793-இல் பிரான்சோடு போர் மூண்டபோது பிரிட்டிஷ் அரசிடம் போதிய துப்பாக்கி இல்லை. கம்பெனி இந்தியாவுக்கு அனுப்ப வைத்திருந்தவற்றை அரசு வாங்கியது; பிறகு அதே மாதிரியைத் தன் படைக்கே தரமாக்கிக்கொண்டது. நெப்போலியனை வாட்டர்லூவில் எதிர்த்து நின்ற சிப்பாய்களின் தோளில் இருந்தது இந்தியச் சிப்பாய்க்காக வடிவமைத்த சிக்கனத் துப்பாக்கி.

1801 எங்கள் மாவட்டத்துக்கு இரட்டை ஆண்டு. ஜூலையில் ஆற்காடு நவாபிடமிருந்து, எங்கள் பகுதி அடங்கிய தென்னாற்காடு கம்பெனியின் கைக்குப் போனது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, டிசம்பரில் ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருப்பது தடையானது, கோட்டைகள் இடிபட்டன. 1857 எழுச்சிக்குப் பின் இந்தப் பிடி மேலும் இறுகியது. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைக் குற்றமாக்கியது. ஐரோப்பியருக்கு விலக்கு, குடகர்களுக்கும் தனி விலக்கு. காங்கிரஸ் மகாசபை 1887-இல் சென்னையில் கூடியபோது இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. தீர்மானம் ஏட்டில் நின்றது. கிராமத்துத் துப்பாக்கிகள் தாலுகா கச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆண்டவர்களின் பயம் துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே தெரியும். 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்காக, என்ஃபீல்டு ரைஃபிளின் ரைஃபிளிங் பள்ளங்களைச் சுரண்டி எடுத்துக் குழலை வழவழப்பாக்கிக் கொடுத்தார்கள். வெள்ளைச் சிப்பாயிடம் மார்ட்டினி ஹென்றி வந்தபோது, இந்தியச் சிப்பாயின் கைக்கு அவன் கழித்துப்போட்ட ஸ்னைடர் வந்தது. போலீசுக்கு அதைவிடக் கீழான இடம். லீ என்ஃபீல்டு ரைஃபிளின் குழலை அகலப்படுத்தி, மேகசின் இருக்கும் குழியை மரத்துண்டால் அடைத்து, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் மஸ்கட்டாக மாற்றி இச்சாப்பூர் தொழிற்சாலை அனுப்பியது. அதுதான் .410 மஸ்கட். பறிபோனாலும் அதில் படையின் தோட்டாவைச் சுட முடியாது என்பதுதான் கணக்கு. அந்த மரத்துண்டைக் கழற்றித் துடைத்திருக்கிறேன். மக்களைச் சந்தேகித்த ஓர் அரசு தன் காவலரையும் எவ்வளவு சந்தேகித்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான ஆவணம் வேறில்லை.

த்ரீ நாட் த்ரீ அப்படியல்ல; அது ஒரு முழு ரைஃபிள். 1907-இல் ஏற்கப்பட்ட லீ என்ஃபீல்டு மார்க் 3 மாதிரி, பத்துத் தோட்டா மேகசின், ஏறத்தாழ நாலு கிலோ எடை. இரண்டு உலகப் போர்களிலும் இந்தியச் சிப்பாய் தூக்கி நடந்தது. 1962-இல் சீன எல்லையில் பனியில் நின்றதும் இதுவே. அந்தப் போருக்குப் பிறகு இச்சாப்பூர் இதே உடலை வலுப்படுத்தி 7.62 தோட்டாவுக்கு மாற்றிச் செய்தது. அதன் மேகசின் சதுரமாக, பன்னிரண்டு தோட்டா பிடிக்கும். தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். ரைஃபிள் வந்ததும் ராணுவம் பழையதைக் கைவிட்டது. கைவிட்டவை மாநிலப் போலீசுக்கு வந்தன. அந்த வரிசையில் விழுப்புரத்துக்கு வந்தவற்றைத்தான் நான் துடைத்தேன். பழைய தோட்டாவின் கேப்பில் உள்ள மருந்து குழலை அரிக்கும். சுட்டு முடித்ததும் கொதிநீர் ஊற்றி, புல்-த்ரூ கயிற்றில் ஃபோர்-பை-டூ துணியைக் கட்டி இழுக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டால் உள்ளே செம்புள்ளி விழுந்துவிடும். ஒரு ரைஃபிளின் போல்ட்டை இன்னொன்றில் போடக் கூடாது. ஒவ்வொன்றும் அதனதன் உடலுக்கென்று பொருத்தப்பட்டது. முன்கட்டையில் மேகசினுக்குச் சற்று முன்னால் ஒரு திருகாணி ஓடினால், அது மரம் பிளக்காமல் இருக்க இந்தியாவில் போட்ட வலுவூட்டல் என்று புரிந்துகொள்ளலாம்.

வெளிநாட்டில் இவற்றைச் சேர்ப்பது ஒரு பெரிய ஆர்வம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடுகள் கழித்துவிட்ட ரைஃபிள்கள் அமெரிக்காவில் மலிவாகக் கிடைத்தன. 1963-இல் கென்னடியைக் கொன்றது தபாலில் வாங்கிய இத்தாலியப் படைத் துப்பாக்கி. அதற்குப் பிறகு, 1968-இல், அங்கேயும் சட்டம் வந்தது. 2003-இல் காட்மாண்டுவின் பழைய அரண்மனை ஆயுதக் கிடங்கை அமெரிக்க வியாபாரிகள் வாங்கினார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள். அவற்றில் கம்பெனி மாதிரிப் பிரவுன் பெஸ்களும் இருந்தன. நேபாளம் அவற்றைத் தூக்கி எறியாமல் மூடி வைத்திருந்ததால் மட்டுமே அவை மிஞ்சின. அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுச் சுவரில் அப்படி ஒன்றை மாட்டி, முத்திரையைப் படித்து, எந்த ரெஜிமென்ட் என்று தேடி எழுதுகிறார். அந்த ரெஜிமென்ட் நடந்த மண்ணில் இருக்கும் நமக்கு அதைப் பார்க்க வாய்ப்பில்லை.

நம் நாட்டில் தனி ஆள் இதைச் சேர்க்க முடியாது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. .303, 7.62 ரைஃபிள்களும் .410 மஸ்கட்டும் தடை செய்யப்பட்ட வகை. பொதுமக்களுக்காக இச்சாப்பூர் செய்தது .315 ரைஃபிள்; படையின் தோட்டா அதில் பொருந்தாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. ஆனால் 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதம், பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால், அதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. காப்பதற்குச் சட்டம் தடையில்லை.

இதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பயிரைக் காக்க முன்வாயில் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வழங்குவது பற்றிப் பேசுகிறது. அந்த வகைத் துப்பாக்கியை இன்றும் எங்கள் பகுதியில் வைத்திருப்பவர்களில் நரிக்குறவர்கள் முக்கியமானவர்கள். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அப்படி வந்த பெரியவர் ஒருவர், துணியில் சுற்றியதைப் பிரித்து என் முன்னால் வைத்தார். "சாமி, கொழா தாத்தாவோடது, கட்டை மட்டும் நான் போட்டது. பாத்து வெய்யி" என்றார். அந்தக் குழலின் உள்ளே துருவே இல்லை. வந்தவாசியில் சிப்பாய்கள் கெட்டித்த முறையை, மருந்து, அடைப்பு, ரவை என்ற அதே வரிசையில், அவர் கை செய்து காட்டியது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அவர்களின் வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது. 2023-இல் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அந்தத் துப்பாக்கியையும் அதைக் கையாளத் தெரிந்த அறிவையும் மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. அவருக்குப் பிறகு அது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இழப்பதில் நமக்குப் பழக்கம் உண்டு. 1855-இல் தஞ்சையின் கடைசி மராத்திய மன்னர் மறைந்த பிறகு, அரண்மனை ஆயுதக் கிடங்கு கலைக்கப்பட்டது. பெரும்பகுதி பழைய இரும்பாகப் போனது. சிலர் எடுத்து வைத்ததால் ஒரு பங்கு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. இன்று உலக ஆயுத வரலாற்றாளர்கள் தென்னிந்தியப் படைக்கலம் பற்றி எழுதுவதற்கு அந்த மிச்சம் ஒரு முக்கிய ஆதாரம். கோயம்புத்தூரில் ஹாமில்டன் கிளப் கட்டடத்திலும், 2021 முதல் எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகத்திலும் காவல் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அவை என் மனத்துக்கு நிறைவு தருகின்றன.

உத்தரப் பிரதேசக் காவல் துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்தது. எல்லா மாநிலத்திலும் அந்த நாள் வந்துகொண்டிருக்கிறது. கண்டம் செய்யும்போது குழலை வெட்டி உலைக்கு அனுப்புவது பாதுகாப்புக்குத் தேவை. அதைச் செய்தவன் நான், அதன் நியாயம் எனக்குத் தெரியும். நான் கேட்பது இவ்வளவுதான். வெட்டும் முன் ஒவ்வொரு ரைஃபிளின் முத்திரை, ஆண்டு, எண் ஆகியவற்றைப் படம் எடுத்துப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றை, மரத்துண்டு அடைத்த மஸ்கட் உட்பட, சுட முடியாதபடி செயலிழக்கச் செய்து மாவட்டத்திலேயே நிறுத்துங்கள். பக்கத்தில் செஞ்சி, வந்தவாசி, பெருமுக்கல் மூன்றையும் காட்டும் வரைபடம் ஒன்று இருக்கட்டும். நரிக்குறவப் பெரியவர்களை அழைத்து, அவர்கள் துப்பாக்கியைப் பற்றி அவர்களே சொல்வதைப் பதிவு செய்யுங்கள். திண்டிவனம் பள்ளிப் பிள்ளை ஒருத்தி அந்தக் கிரீடத்தையும் சிங்கத்தையும் அருகருகே பார்த்தால், பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாகப் படிக்கும் வந்தவாசிப் போர் தன் ஊர்க் கதை என்று புரிந்துகொள்வாள். அதற்கு ஆகும் செலவு ஓர் அலமாரியும் ஒரு கேமராவும். செய்யத் தெரிந்த ஆர்மரர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள்.