மதிலுக்குள் முதுமை

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே, யாழ்ப்பாண நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் நாவுல. அங்கே ஓர் உழவர் குடும்பத்தில் மனநோய் புகுந்தால், முன்னாளில் அதற்கென இருந்த பெரிய வைத்தியசாலை நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், கொழும்பின் ஓரத்தில்தான் இருந்தது.

இத்தூரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், ஒருவரைச் சித்தசுவாதீனமற்றவரா என விசாரித்து அடைக்கும் அதிகாரத்தை மாவட்ட நீதிமன்றத்துக்கு அளித்தது. நோயாளியை வழக்காகக் கண்ட அந்த ஆட்சிக்கு மதிலே முதல் மருந்தாயிற்று. 1884இல் கறுவாத்தோட்டத்தில் ஒரு விடுதி எழுந்தது. அது நிரம்பி வழியவே, 1926இல் அங்கொடையில் அதனினும் பெரியது எழுந்தது. பின்னர் முல்லேரியாவும் சேர்ந்தது. நோய் தணிந்த பின்னும், அழைத்துச் செல்ல ஆளின்றிப் பலர் அங்கேயே முதுமை எய்தினர்.

உறவினரைக் கல்நெஞ்சர் என்று பழிப்பது எளிது. அன்றாடக் கூலியில் வாழும் வீட்டிலே, நோயாளிக்குத் துணையிருப்பவரின் கூலி போகிறது. மருந்துக்காக நகரம் சென்றால் மற்றொருவரின் கூலியும் போகிறது. இந்தக் கணக்கை எந்த அரசாங்கம் போட்டுப் பார்த்தது?

2005இல் வகுக்கப்பட்ட மனநலக் கொள்கை, பராமரிப்பை மாவட்டங்களுக்கும் சமூகத்துக்கும் கொண்டுசெல்ல முனைந்தது. திசை சரியானதே. ஊரருகே நீண்டகாலப் பராமரிப்பும், தேறியவருக்குத் தொழிலும், குடும்பத்துக்கு உதவிப்பணமும் உரிமையாகக் கிடைக்கும்போதே அந்தத் திசை பாதையாகும்.