வில்வக்காய்: வில்லியனூர் முதல் கோவா வரை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் பத்து கிலோமீட்டர் போனால் வில்லியனூர். வில்வ மரங்கள் நிறைந்திருந்ததால் வில்வநல்லூர், அது மருவி வில்லியனூர் ஆச்சு என்று ஊரில் சொல்வாங்க. திருக்காமீசுவரர் கோயிலுக்குப் போகிற நம்மில் பலருக்கு வில்வம் என்றாலே அர்ச்சனைக்கு வாங்கும் இலைதான். ஆனால் ஐரோப்பிய வைத்தியர்களின் கவனத்தை இழுத்தது அதன் காய்!

கோவாவில் வைத்தியம் பார்த்த போர்த்துக்கீசியர் கார்சியா த ஓர்த்தா, 1563-இல் அங்கேயே அச்சான தன் நூலில் இதை 'வங்காளத்து மார்மெலோ' என்று குறித்து, சீதபேதிக்குக் கொடுப்பதைச் சொல்கிறார். மார்மெலோ என்பது அவர்கள் ஊரில் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சும் ஒரு பழம். மார்மலேட் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே. 1753-இல் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயரிலும் மார்மெலோஸ் ஒட்டிக்கொண்டது. 1868-இல் வேரிங் தொகுத்த 'இந்திய மருந்தியல் நூல்' வில்வத்தை முறையான மருந்தாகவே சேர்த்தது.

இதில் கவனிக்க வேண்டியது பக்குவம். பேதிக்குக் கொடுப்பது முற்றாத காயை நறுக்கி உலர்த்தியது. அதன் துவர்ப்பு (டானின்) குடலைச் சுருக்கும். நன்கு பழுத்த பழமோ மலத்தை இளக்கும். ஒரே மரம், நேரெதிர் வேலை! 'வில்வப்பழம் வயிற்றுப்போக்கை நிறுத்தும்' என்று பொத்தாம்பொதுவாகச் சுற்றுகிற வாட்ஸ்அப் செய்தியில் காணாமல் போவது இந்த வித்தியாசம்தான்.

இன்னொன்றும் உண்டு. பேதியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பு. 1971-இல் வங்காள எல்லையில் பன்கான் அகதி முகாமில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. வில்வக்காய் போக்கைக் குறைக்கலாம், இழந்த நீரையும் உப்பையும் திருப்பித் தராது. குழந்தைக்குப் பேதி என்றால் முதலில் ஓ.ஆர்.எஸ்., உடனே டாக்டர். கைவைத்தியம் அதற்குப் பிறகுதான்.

சர்க்கரை நோய்க்கும் இதே கணக்கு. வில்வ இலைச் சாறு எலிகளில் சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வில்லியனூர், பாகூர் பக்கம் கோயில்களுக்குப் போனால், வில்வ மரம் இருக்கிறதா என்று பாருங்கள். இலைக்கு நடுவே உருண்டையாகத் தொங்கும் அந்தக் கெட்டி ஓட்டுக் காயைத்தான் 450 வருஷத்துக்கு முன்பே கோவாவில் அச்சேற்றியிருக்கிறார்கள்.