விசிறி ஓட்டக் கற்ற டாக்டரம்மா

புதுச்சேரியில் என் வயதினருக்குச் 'சொல்தா வீடு' என்றால் தெரியும். இந்தோசீனா போய்த் திரும்பியவர்கள் வாழ்ந்த தெருக்கள் நம்முடையவை. அந்தப் போரில் பணியாற்றிய ஒரு டாக்டரம்மாவைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

வலேரி ஆந்த்ரே 1922-இல் ஸ்த்ராஸ்பூரில் பிறந்தவர். ராணுவ டாக்டராக இந்தோசீனா சென்றார். 1950-இல் சைகோனில் ஹில்லர் ஹெலிகாப்டர் பறந்து காட்டியதைப் பார்த்தார். காட்டு முகாமில் காயம்பட்டவனை இதில் போய் எடுத்து வரலாமே என்று தோன்றியது. பிரான்சுக்குப் போய் ஓட்டக் கற்றுத் திரும்பினார்.

அந்தப் பயிற்சி லேசானதல்ல. இடக்கை நெம்புகோலை உயர்த்தினால் ஹெலிகாப்டர் மேலெழும். வலக்கைக் கோல் சாயும் பக்கம் அதுவும் நகரும். கால் மிதிகள் முன்புறத்தைத் திருப்பும். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் உடனே சரிக்கட்ட வேண்டும்.

ஹில்லருக்கு வலு குறைவு. காயம்பட்டோருக்கு வெளியே இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்ட்ரெச்சர். ஓட்டுபவர் எடை குறைந்தால் நல்லது. மெலிந்த உடம்புக்காரரான அவருக்கு அது கைகொடுத்தது. 129 பயணங்களில் 165 பேரை மீட்டார்.

அங்கே ஹெலிகாப்டருக்கு 'வாந்திலாத்தேர்', அதாவது விசிறி, என்று பட்டப்பெயர். 1954-இல் வந்த அவருடைய நூலின் தலைப்பிலும் அச்சொல் உண்டு. 1976-இல் பிரான்சின் முதல் பெண் ஜெனரலானார். 2025 ஜனவரியில், 102 வயதில் மறைந்தார்.

குமாஸ்தாவாக இருந்த எனக்கு எண்கள் பழக்கம். பேரேட்டில் 165 என்பது ஒரு வரி. ஆனால் அந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை.